கிசுமுவில் கைவினைப் பொருள் வாங்க: எங்கே, என்ன, எவ்வளவு?

மல்லிப்பந்தல்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அலுவலக வேலையாகக் கென்யாவுக்குப் போகிறேன். நைரோபி இல்லை, கிசுமு. விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் ஊர். மொத்தம் பத்து நாள், நடுவில் வரும் ஒரு சனி ஞாயிறு மட்டும்தான் என் கையில். நைரோபியில் என்ன வாங்கலாம், மசாய் மாராவில் எந்த விடுதி என்றெல்லாம் தேடினால் கொட்டுகிறது. கிசுமு என்று தேடினால் விமான நேரம்தான் வருகிறது.

வாங்க வேண்டிய பட்டியல் பெரிது. மாமியார், நாத்தனார், அலுவலகத்தில் எட்டுப் பேர். "ஆப்பிரிக்கா போயிட்டு ஒரு முகமூடிகூட வாங்காம வந்தியா" என்று நாத்தனார் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள். 23 கிலோ பெட்டி ஒன்றுதான். பேரம் பேச எனக்குச் சுத்தமாக வராது, தி.நகரில் விலை கேட்டுவிட்டு அப்படியே கொடுத்துவிட்டு வருகிற ஆள் நான். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

ஏரிக்கரை

நான் அங்கே நான்கு வருடம் கணக்கு வேலை பார்த்தவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த முகமூடியை விட்டுவிடுங்கள். கிசுமுவிலும் தொங்கவிட்டிருப்பார்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வடிவங்கள் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்கா, காங்கோ பக்கத்துச் சாயல். கிசுமு லுவோ மக்களின் ஊர். அவர்கள் வீட்டில் முகமூடி மாட்டியிருந்து நான் பார்த்ததே இல்லை. மாமல்லபுரத்தில் ராஜஸ்தான் பொம்மை வாங்கிக்கொண்டு "தமிழ்நாட்டுக் கைவினை" என்று சொல்வதுபோல ஆகிவிடும்.

அந்தப் பக்கத்துக்கே உரியது என்றால் முதல் இடம் கிசி கல்லுக்குத்தான். மிருதுவான கல், வெள்ளை, சந்தன நிறம், ரோஸ், சாம்பல் என்று பல நிறத்தில் வரும். கிண்ணம், சோப்புத் தட்டு, சதுரங்கப் பலகை, நீர்யானை, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து நிற்கும் குடும்பச் சிலை. இது லுவோக்கள் செய்வது இல்லை, தெற்கே மலைப்பக்கம் இருக்கும் கிசி மக்கள் செய்வது. தபாக்கா என்ற ஊரில்தான் கல்குழியும் பட்டறைகளும். கிசுமுவில் சாலையோரக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பது முக்காலும் அங்கிருந்து வந்த சரக்கு.

இரண்டாவது, ஆகாயத்தாமரை. நம்மூர் ஏரியை அடைத்துக்கொண்டு கிடக்குமே, அதேதான். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி எண்பதுகளின் கடைசியில் விக்டோரியா ஏரியிலும் புகுந்து, தொண்ணூறுகளில் படகு போக முடியாத அளவுக்கு மூடிவிட்டது. வண்டுகளை விட்டுத் தின்னவைத்துக் கொஞ்சம் அடக்கினார்கள். இன்றும் காற்றடிக்கும் திசையைப் பொறுத்துப் பச்சைப் பாய் மாதிரி கரைக்கு வந்து ஒதுங்கும். அதன் தண்டை வெட்டி, காயவைத்து, முறுக்கிக் கூடை, பை, தொப்பி, நாற்காலி என்று பின்னுகிறார்கள். நகரத்துக்குத் தெற்கே துங்கா என்ற மீனவக் கரையில் கிடைக்கும். பாப்பிரஸ் கோரையில் பின்னிய பாயும் கூடையும்கூட அங்கேயே. பின்னுகிறவர் பக்கத்திலேயே இருப்பார், என்ன ஏது என்று கேட்கலாம். எடை ஒன்றுமே இல்லை, உங்கள் 23 கிலோவுக்கு இதுதான் சரி.

மூன்றாவது யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். தகர வேலை. கிபூயே என்று பெரிய திறந்தவெளிச் சந்தை, ஞாயிற்றுக்கிழமைதான் முழு வீச்சில் நடக்கும். பழைய துணி, தக்காளி, கருவாடு, கட்டில், என்ன வேண்டுமோ எல்லாம். அங்கும் அதைச் சுற்றியும் தகரம் தட்டுகிறவர்கள் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த மாதிரித் தொழிலுக்கே சுவாஹிலியில் "ஜுவா காலி" என்றுதான் பெயர், கொளுத்தும் வெயில் என்று அர்த்தம். பழைய டப்பாவை வெட்டிச் செய்த சிறிய மண்ணெண்ணெய் விளக்கு, கரி அடுப்பு, பெட்டி. டப்பாவில் இருந்த எண்ணெய்க் கம்பெனி எழுத்து விளக்கின் வயிற்றில் தலைகீழாகத் தெரியும். என்னிடம் இருக்கும் விளக்கை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

கல்சட்டி

ஏரிக்கரை அண்ணா, கிசி கல் என்று எல்லோரும் ஏதோ புதிதாகச் சொல்கிறார்கள். அது நம் மாக்கல் வகைதானே? நான் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பாட்டி வீட்டுக் கல்சட்டியைத் தொட்டால் ஒரு வழவழப்பு இருக்கும், பவுடர் போட்ட கையால் தொட்டமாதிரி. கிசி கிண்ணத்திலும் அதே வழவழப்பு.

மல்லி, கடையில் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பொருளின் அடிப்பக்கத்தில், மெருகு போடாத இடத்தில், நகத்தால் லேசாகக் கீறுங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் மாக்கலாக இருக்கலாம். விழாவிட்டால் வேறு ஏதோ. அடியில் வழவழப்பான பூச்சு முழுக்கப் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். உடைந்ததைப் பசை வைத்து ஒட்டி, மேலே கறுப்புச் சாயம் தடவி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரு நீர்யானை அப்படித்தான் வந்து சேர்ந்தது, சென்னை வந்ததும் காது தனியாக, மாடு தனியாக. மாடு இல்லை, நீர்யானை. சரி விடுங்கள்.

இன்னொன்று, வளைவுகள் எந்த அளவுக்கு ஒழுங்காக இருக்கின்றன என்று பார்க்காதீர்கள். கையால் செதுக்கிய கிண்ணத்தின் விளிம்பு ஒருபக்கம் கனமாகத்தான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள், விலையை யாரும் சொல்லவில்லையே. நான் இரண்டு முறை போயிருக்கிறேன். அனுபவத்தில் சொல்கிறேன், சாலையோரக் கடையில் சொல்கிற விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஆரம்பியுங்கள். 1,500 ஷில்லிங் சொன்னால் 500. பாதியில் வந்து நிற்கும். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய ஒன்றரை ஷில்லிங் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வார்த்தை போதும். "பேய் கானி?" என்றால் என்ன விலை. "காலி சானா" என்றால் ரொம்ப ஜாஸ்தி. "புங்குசா கிடோகோ" என்றால் கொஞ்சம் குறையுங்கள். கடைசி ஆயுதம் "நிதாருடி", திரும்பி வருகிறேன். இதைச் சொல்லிவிட்டு நாலு அடி நடந்தால் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் உண்மையிலேயே அதுதான் விலை, வெட்கப்படாமல் திரும்பிப் போய் வாங்கிவிடுங்கள்.

கைப்பணம் அவ்வளவாகத் தேவைப்படாது. 2007-லேயே எம்-பெசா (கைபேசியில் பணம் அனுப்பும் சேவை) வந்துவிட்ட ஊர் அது, நம் ஜிபே எல்லாம் ரொம்பப் பிந்தி. பாஸ்போர்ட் காட்டி சிம் வாங்கினால் கூடவே எம்-பெசாவும் பதிந்து தருவார்கள். தக்காளி விற்கிற அம்மாவிடமும் எம்-பெசா எண் இருக்கும்.

ஏரிக்கரை

கணக்குப்பிள்ளை சொல்வது நகரத்துச் சாலையோரக் கடைக்குச் சரி. அங்கே உட்கார்ந்திருப்பவர் செதுக்கியவர் இல்லை, வாங்கி விற்கிறவர். பேரத்துக்கு இடம் விட்டுத்தான் விலை சொல்வார், அவருக்கும் அது பொழுதுபோக்கு. ஆனால் துங்காவில் கூடை பின்னுகிற அம்மாவிடம் இந்த மூன்றில் ஒரு பங்கு வேலையைக் காட்டாதீர்கள். ஒரு பை பின்ன இரண்டு நாள் ஆகும். தண்டை வெட்டிக் காயவைத்த நாள்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கணக்குப்பிள்ளை

இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள் அண்ணா. செய்கிறவரிடம் பேரம் பேசாதே என்று. சரி, அந்த அம்மாவுக்கு நான் வெளிநாட்டுக்காரன், முகத்தைப் பார்த்தே "முஹிந்தி" (இந்தியர்) என்று விலையை ஏற்றிச் சொல்கிறார். உள்ளூர்க்காரர் கேட்டால் வேறு விலை. அப்போது நான் பேசாமல் கொடுத்தால் அது தர்மமா, ஏமாளித்தனமா? என் அப்பா கோயம்பேட்டில் காய் விற்றவர். பேரம் பேசாமல் வாங்கிப் போகிறவர்களை அவர் மதித்ததே இல்லை.

கல்சட்டி

இரண்டு பேருமே சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் தபாக்காவிலேயே பேரம் பேசினேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, கையில் இருந்த உப்புத்தாளை என்னிடம் நீட்டி "நீ தேய்" என்று சைகை காட்டினார். பத்து நிமிஷம் தேய்த்தேன். அப்புறம் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டேன்.

சைவப்பூனை

நடுவில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். பத்து நாள் அந்த ஊரில் சைவம் சாப்பிடுகிறவர் என்ன செய்வார்? மீன் ஊர் என்று கேள்விப்பட்டேன்.

வத்தக்குழம்பு

பூனை, கவலையே வேண்டாம். நைரோபியிலிருந்து கொடிவழிபோல வந்த அந்தப் பழைய ரயில் பாதை 1901-இல் ஏரியைத் தொட்டது இந்த இடத்தில்தான். அப்போது ஊருக்குப் பெயர் போர்ட் ஃப்ளோரன்ஸ். மொம்பாசாவிலிருந்து அந்தப் பாதையைப் போட இந்தியாவிலிருந்து சுமார் 32,000 கூலிகளைக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். அவர்களுக்குப் பின்னால் குஜராத்தி வியாபாரிகள். அதனால் கிசுமுவில் கோயிலும் உண்டு, சைவச் சாப்பாடும் உண்டு. கடைக்கு "டுக்கா", பணத்துக்கு "பேசா", சப்பாத்திக்கு "சப்பாத்தி". ஹிந்தி தெரிந்தவர்களுக்குப் பாதி சுவாஹிலி வந்துவிட்டமாதிரி ஒரு மயக்கம் வரும்.

உள்ளூர்ச் சாப்பாட்டிலேயே பச்சைப்பயறுக் குழம்பு உண்டு, "ந்டெங்கு" என்று கேளுங்கள். கீரைதான் விசேஷம். "ஒசுகா" என்று லுவோவில் சொல்வது நம் மணத்தக்காளி இனம். "டெக்" என்பது நம் நல்வேளைக் கீரை. எங்கள் ஊரில் வேலியோரம் முளைத்துக் கிடப்பதை அங்கே கட்டுக் கட்டாகச் சந்தையில் விற்கிறார்கள், பால் விட்டுக் கசப்பு போகக் கடைந்து கொடுப்பார்கள்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வேறு வார்த்தை வேண்டாம். ஏரிக்கரைக் கடையில் முழு மீனை நீங்களே கை காட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் எண்ணெயில் பொரித்து, பிறகு வெங்காயம் தக்காளி வதக்கிய சாற்றில் ஒரு கொதி. உகாலி (மக்காச்சோள மாவுக் களி), கீரை, கையால் சாப்பாடு. மீன் வேறு எதுவும் இல்லை, நம் ஜிலேபிக் கெண்டையின் அண்ணன். நம் குளத்துக்கு ஜிலேபி 1952-இல் ஆப்பிரிக்காவிலிருந்து சுற்றி வந்ததுதான், இங்கே அதன் சொந்தக் கண்டத்தில் இரண்டு கை நீளத்துக்கு வளர்கிறது. சரி, ஒரு கை நீளம்.

பறையோசை

யாராவது நியாதிதி பற்றிச் சொல்வீர்கள் என்று பார்த்தேன், சொல்லவில்லை. லுவோக்களின் எட்டு நரம்பு யாழ் அது. மரக்குடுவையின் வாயில் தோல் போர்த்தி, இரண்டு கொம்பு நீட்டி, குறுக்குக்கட்டையில் நரம்பைக் கட்டியிருப்பார்கள். வாசிக்கிறவர் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து யாழைத் தரையில் சாய்த்துக்கொள்வார். கால் பெருவிரலில் ஓர் இரும்பு வளையம். அதை யாழில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே விரலால் மீட்டுவார். கணுக்காலில் சலங்கை. பாட்டும் அவரே. ஒரே ஆள், நாலு வேலை.

சங்கப் பாட்டில் யாழைப் பத்தர், தோல், கோடு, நரம்பு என்று அங்கம் அங்கமாகப் படித்தவர்களுக்கு இதைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். இரண்டுக்கும் தொடர்பு என்று நான் எதுவும் சொல்ல வரவில்லை, அப்படிக் கிளப்பிவிட ஆள் நிறைய இருக்கிறார்கள். படித்ததை ஒருவர் எதிரில் உட்கார்ந்து வாசித்தபோது எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

கடையில் தொங்கும் சின்ன நியாதிதி அலங்காரத்துக்கு மட்டுமே. சுருதி நிற்காது. வாசிக்க வேண்டுமென்றால் வாசிக்கிறவரிடம் சொல்லிச் செய்யச் சொல்ல வேண்டும், பத்து நாளில் நடக்கிற காரியம் இல்லை.

கப்பல்காரன்

பொருள் வாங்குவது ஒரு பாதி, ஊர் கொண்டுவந்து சேர்ப்பது மறுபாதி. சில விஷயம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.

தந்தம், எலும்பு, பல், முள்ளம்பன்றி முள், இறகு, காட்டு விலங்கின் தோல், எதையும் தொடாதீர்கள். கென்யாவில் 1977-இல் வேட்டையைத் தடை செய்தார்கள், அடுத்த வருடமே விலங்குப் பொருள் வியாபாரத்தையும் நிறுத்திவிட்டார்கள். "பழசு, தாத்தா காலத்தது" என்று யாராவது மெதுவாகக் காட்டினால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். விமான நிலையத்தில் மாட்டினால் உங்கள் நாத்தனார் வந்து காப்பாற்ற மாட்டார்.

மரச் சிற்பம் வாங்கினால் கருங்காலி என்று சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். ஈரத் துணியால் அழுத்தித் துடையுங்கள், கறுப்பு ஒட்டினால் ஷூ பாலிஷ். உண்மையான கருங்காலி கையில் எடுத்ததுமே கனம் தெரியும், தண்ணீரில் மூழ்கும். அடியில் குண்டூசி ஓட்டை அளவு துளையும், தட்டினால் மாவும் உதிர்ந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது, வேண்டாம். என்னிடம் ஒரு ஒட்டகச்சிவிங்கி வீட்டு அலமாரியையும் சேர்த்துத் தின்ற கதை இருக்கிறது.

கூடை, பாய் எல்லாம் முழுக்கக் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். கொண்டுவந்ததும் நல்ல வெயிலில் இரண்டு நாள். சென்னை ஈரத்தில் ஆகாயத்தாமரைக் கூடை ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போகாதீர்கள், 2017-இலிருந்து அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை, கடுமையான அபராதம். துணிப்பை நாலு கையோடு எடுத்துப் போங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறக்கவே வேண்டாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இங்கேதான் தனியாக உட்காரவைப்பார்கள். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள், ஏரிப் பக்கம் கொசு ஜாஸ்தி. ஏரியில் காலை நனைக்க ஆசை வரும், வேண்டாம். நத்தையிலிருந்து தோல் வழியாக ஏறும் புழு ஒன்று இருக்கிறது. விசாவுக்குப் பதிலாக 2024 ஜனவரியிலிருந்து இணையத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும், அதையும் இப்போதே செய்துவிடுங்கள்.

மல்லிப்பந்தல்

எல்லோருக்கும் கோடி நன்றி. ஊசி போட்டாயிற்று, கை வீங்கிக் கிடக்கிறது. ஒரு சந்தேகம். இருப்பது ஒரு சனி, ஒரு ஞாயிறு. தபாக்காவுக்குச் சனிக்கிழமை போய்விட்டு, ஞாயிறு கிபூயே சந்தை என்று திட்டம். சரிதானே?

ஏரிக்கரை

தப்பு! நல்லவேளை கேட்டீர்கள். கிசி மக்களில் நிறையப் பேர் ஏழாம் நாள் சபைக்காரர்கள். சனிக்கிழமைதான் அவர்களுக்கு ஓய்வு நாள். நான் முதல் தடவை சனிக்கிழமை போய் மூடிய பட்டறைகளையும் கோயிலுக்குப் போகிற நல்ல சட்டைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஆக ஞாயிறு ஒன்றுதான், கிபூயேயா தபாக்காவா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். கிசுமுவிலிருந்து கிசி ஊருக்கு இரண்டு இரண்டரை மணி நேரம், அங்கிருந்து தபாக்கா தனி. விடியற்காலை கிளம்ப வேண்டும்.

சனிக்கிழமை அருங்காட்சியகம் போங்கள். 1980-இல் திறந்தது. உள்ளே ஒரு லுவோ வீட்டு வளாகத்தையே முழு அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள், முதல் மனைவி வீடு எங்கே, இரண்டாம் மனைவி வீடு எங்கே, மூத்த மகன் குடிசை எங்கே என்று. எந்தப் பானை எதற்கு என்று அங்கே பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போனால் கண் வேறு மாதிரி பார்க்கும். மாலையில் துங்கா.

ஒரு எச்சரிக்கை. வண்டிக்காரர் "எனக்குத் தெரிந்த நல்ல கடை" என்று கூட்டிப் போனால் இறங்காதீர்கள். என்னை ஒருவர் அப்படி ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போனார், தரகுப் பணம் எல்லாம் என் தலையில். அதே சதுரங்கப் பலகை வெளியே பாதி விலைக்கு இருந்தது. இன்றும் அதில் விளையாடும்போது எரிச்சல் வருகிறது.

கணக்குப்பிள்ளை

பார்த்தீர்களா, அண்ணாவே சொல்லிவிட்டார் பாதி விலை என்று. நான் வேறு எதுவும் பேசவில்லை.

மல்லிப்பந்தல்

கிசுமுவிலிருந்து எழுதுகிறேன். சனிக்கிழமை இரவு. அருங்காட்சியகம் போனேன், துங்கா போனேன். துங்காவில் கோரைக்காட்டுக்குள் பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். கரையில் பெண்கள் தகரக் கூரையடியில் சின்ன மீனைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள், நம் நெத்திலி மாதிரியே, வாசனையும் அதேதான். ஒமேனா என்று பெயர் சொன்னார்கள். நாகப்பட்டினத்தில் நிற்பதுபோல இருந்தது. இது நல்ல தண்ணீர் ஏரி என்பது நாலு மணிக்கு மேல் மழை வந்து அலை எழும்பும்போது மறந்தே போகிறது.

கூடை வாங்கினேன். ஒரு பாட்டி பின்னிக்கொண்டிருந்தார். காய்ந்த தண்டைத் தண்ணீரில் தொட்டு, பல்லால் ஒரு முனையைக் கிழித்து, மூன்று புரியாக முறுக்கிக்கொண்டே என்னிடம் பேசினார், எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பேத்தி மொழிபெயர்த்தாள். "உங்கள் ஊரில் இந்தச் செடி இருக்கிறதா" என்று கேட்டாராம். இருக்கிறது என்றேன். என்ன செய்வீர்கள் என்றார். பொக்லைன் வைத்து அள்ளி வெளியே போடுவோம் என்றேன். பாட்டி பின்னுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

விலை 800 சொன்னார். கணக்குப்பிள்ளை சார், உங்கள் "புங்குசா கிடோகோ" வாய் வரைக்கும் வந்தது. 800 கொடுத்துவிட்டேன். நாளை தபாக்கா. கிபூயே போச்சு.

கணக்குப்பிள்ளை

அம்மா, 700-க்காவது கேட்டிருக்கலாம்.

ஏரிக்கரை

காங்கா துணி பார்த்தீர்களா? ஒகிங்கா ஒடிங்கா தெருவில் துணிக்கடைகள் இருக்கும். சோடியாகத்தான் விற்பார்கள், கீழே ஒரு வரி பழமொழி அச்சிட்டிருக்கும். மாமியாருக்கு வாங்கும்போது அந்த வரிக்கு அர்த்தம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள், சில வரிகள் சண்டைக்கென்றே எழுதியவை. பிடிக்காத அண்டை வீட்டுக்காரிக்குக் காட்டவே உடுத்துகிறவர்கள் உண்டு. "ஹராக்கா ஹராக்கா ஹாய்னா பராக்கா" என்றால் தைரியமாக வாங்கலாம், நம் பதறாத காரியம் சிதறாது மாதிரி. ஓரத்தையும் பாருங்கள், பல காங்கா இந்தியாவில் அச்சானவை. ஏழு கடல் தாண்டிப் போய் வாங்கி, நம் நாட்டுக்கே சுமந்துவருவது ஒரு தனி சுகம்.

மல்லிப்பந்தல்

ஊர் வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆயிற்று. கடமையாக ஒரு அறிக்கை.

தபாக்கா போனேன். மலைப்பாதை, இருபக்கமும் தேயிலை, வாழை. கல்குழி என்று பெரிதாக நினைத்துப் போனேன். நம் ஊர்க் கிணறு தோண்டுகிற மாதிரி ஒரு பள்ளம், நாலைந்து ஆண்கள் கடப்பாரையோடு, அவ்வளவுதான். இயந்திரம் எதுவும் கண்ணில் படவில்லை. மேலே ஏற்றிய கட்டியை ஒருவர் வெட்டுக்கத்தியால் கொத்துகிறார், கத்திரிக்காய் நறுக்குவதுபோல அத்தனை சுலபமாகப் போகிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு நீர்யானையின் முதுகு வந்துவிட்டது. கல்லைக் காயவிடாமல் ஈரத்தோடு வைத்திருக்கிறார்கள், அப்போதுதான் கத்தி இறங்குமாம்.

செதுக்குவது பெரும்பாலும் ஆண்கள், தேய்ப்பது பெண்கள். பிளாஸ்டிக் பேசின் நிறையத் தண்ணீர், அதில் கல் மாவு கலந்து பால் மாதிரி. கிண்ணத்தை அதில் முக்கி முக்கி உப்புத்தாளால் தேய்க்கிறார்கள், முதலில் சொரசொரத் தாள், அப்புறம் நைஸ் தாள். முழங்கை வரை வெள்ளை. ஈரமாக இருக்கும்போது கல் ரோஜா நிறம், காய்ந்ததும் வெளிறிவிடுகிறது. மெழுகு தேய்த்ததும் பழைய நிறம் திரும்பி வருகிறது. இதை நான் மூன்று தடவை செய்யச் சொல்லிப் பார்த்தேன், அந்த அக்கா அலுத்துக்கொள்ளவே இல்லை. ஆண்கள் வேலை செய்கிற பக்கம் போனால் தும்மல் வந்துவிட்டது, கல் தூசி. யாரும் முகத்தில் துணிகூடக் கட்டவில்லை.

என் கையிலும் உப்புத்தாளைக் கொடுத்தார்கள், கல்சட்டி அக்கா.

வாங்கியது: கிண்ணம் ஆறு, சோப்புத் தட்டு எட்டு (அலுவலகம் தீர்ந்தது), நீர்யானை ஒன்று. பெட்டி 22.6 கிலோ. ஒவ்வொன்றையும் உடுத்திய துணியில் சுற்றி வைத்தேன், அப்படியும் ஒரு கிண்ணம் இரண்டாகப் போயிற்று. நீர்யானையின் இரண்டு காதும் பத்திரம். நாத்தனாருக்குக் காங்கா. முகமூடி எங்கே என்றாள். அது அந்த ஊர்ப் பொருள் இல்லை என்று ஏரிக்கரை அண்ணா சொன்னதை அப்படியே சொன்னேன். "பேரம் பேசத் தெரியாம காசு தீந்துபோச்சுன்னு சொல்லு" என்றாள்.

கணக்குப்பிள்ளை

உங்கள் நாத்தனாரை இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மல்லிப்பந்தல்

கல்சட்டி அக்கா, அவசரமாக ஒரு கேள்வி. மாமியார் நேற்று அந்த ரோஸ் கிண்ணத்தில் கல்லுப்பு கொட்டி அடுப்பு மேடையில் வைத்துவிட்டார். "மாக்கல்தானே, எங்க அம்மா வீட்டுல உப்பு இதுலதான் இருக்கும்" என்கிறார். வைக்கலாமா?

கல்சட்டி

கல்லுக்கு ஒன்றும் ஆகாது. மெழுகு போய், நிறம் வெளுக்கும். வெளுத்தால் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு தொட்டுத் துடையுங்கள். புளி மட்டும் வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.